தேர் வடம் பிடித்த கைகள்

கோடை பிறந்ததும் ரொறன்ரோப் பகுதியிலுள்ள சைவ ஆலயங்களில் மகோற்சவங்கள் தொடங்கிவிடுகின்றன. மாதக்கணக்காகப் பனியில் அடைபட்டுக் கிடந்தவர்கள் வேட்டியும் சேலையுமாக வெளியே வருகிறார்கள். தேர்த் திருவிழாவன்று ஆலய வளவிலும் வாகனத் தரிப்பிடத்திலும் கால் வைக்க இடமிராது. "அரோகரா" என்ற ஒலி எழுந்ததும் தேர் அசைகிறது. வடத்தைப் பிடிப்பவர் யார், எந்தக் குலத்தவர் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. வைத்தியரும், இரவு முழுவதும் தொழிற்சாலையில் நின்றுவிட்டு நித்திரையின்றி வந்தவரும் ஒரே வடத்தை இழுக்கிறார்கள்.

இந்நாட்டிற் பிறந்த பிள்ளைகள் கண்டது இதைத்தான். ஊரிலும் என்றும் இப்படியே இருந்தது என்று அவர்கள் எண்ணுவது இயல்பு. பெற்றோரும் அவ்வாறே எண்ண விட்டுவிடுகிறார்கள். வரலாறு அப்படியன்று. அந்த வரலாறு புராண காலத்ததுமன்று. அதைக் கண்ணாற் கண்டவர்கள் இன்றும் இந்நகரில் வாழ்கிறார்கள்.

மாவிட்டபுரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட கரையில், கீரிமலைக்கு அருகில் உள்ளது மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். அதன் தோற்றம் பற்றிய ஐதிகம் சைவக் குடும்பங்களுக்குப் புதியதன்று. சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் முகம் குதிரை முகம் போன்றிருந்ததாம். அவள் கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடியதும் அம்முகம் நீங்கிற்றாம். மா என்றால் குதிரை. மா முகம் விட்ட இடம் மாவிட்டபுரம் ஆயிற்று. நன்றியாக அவள் முருகனுக்கு ஆலயம் எடுத்தாள் என்றும், காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் வந்திறங்கிய துறையே காங்கேசன்துறை என்றும் கூறுவர். தோற்றத்தால் வெட்கமுற்று வந்த ஒருத்திக்கு ஆறுதல் தந்த இடம் என்பதே இந்த ஐதிகத்தின் சாரம்.

இவ்வாலயத்தின் மகோற்சவம் இருபத்தைந்து நாள்கள் நடைபெற்று, ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்துடன் நிறைவெய்தும். தந்தையை இழந்தோர் அன்று கடலில் நீராடிப் பிதிர்க்கடன் செய்வர். முதல் நாள் தேர். குடாநாட்டின் பல பாகங்களிலிருந்தும் சனம் திரளும்.

இத்தகைய விழா பலரது உழைப்பாற் கூடிவருவது. பந்தலுக்கு வெள்ளை கட்ட ஒருவர் வேண்டும். பறை முழங்க ஒருவர் வேண்டும். தேங்காய் பறிக்கவும், ஓலை வெட்டவும், வீதி துப்புரவு செய்யவும் ஆள் வேண்டும். ஆனால் அவர்களிற் பலர் கோயிலின் உள்ளே செல்ல இயலாது. பஞ்சமர் என்று பெயரிடப்பட்ட சமூகத்தவர் வெளி வீதியில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. அவர்கள் சலவை செய்த துணி உள்ளே போகும். அவர்கள் போக இயலாது. சந்நிதியில் மட்டுமன்றிக் கிணற்றடியிலும், சலூனிலும், தேநீர்க்கடையிலும் இதே நிலைதான். கடைகளில் அவர்களுக்குப் போத்தலிலோ தகரப் பேணியிலோ தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் குவளையிற் குடித்தார்கள்.

கதவு திறந்த வரலாறு

இதை மாற்ற வேண்டும் என்ற குரல் வெளியாரிடமிருந்து மட்டும் வந்ததன்று. 1924 ஆம் ஆண்டில் ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என வளர்ந்தது. தீண்டாமை ஒழிய வேண்டும் என்பது அதன் கொள்கைகளுள் ஒன்று. அதன் அழைப்பை ஏற்று 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகளும் தீண்டாமையைக் கண்டித்துப் பேசினார். 1930 ஆம் ஆண்டளவில் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற விதி வந்தபோது, சில இடங்களிற் பாடசாலைகளுக்கே தீ வைக்கப்பட்டது. வாங்கில் அருகருகே இருக்க வந்தவர்கள் சிறு பிள்ளைகள் என்பதை எண்ணும்போது, அந்தக் கோபத்தின் அளவு விளங்கும்.

தாய்த் தமிழகத்திலும் இதே போராட்டம் நடந்தது. திருவிதாங்கூர் மன்னர் 1936 நவம்பர் 12 ஆம் திகதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். 1939 யூலை 8 ஆம் திகதி அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் சிலரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி அம்மன் ஆலயத்துள் நுழைந்தார். சிலர் அவரைத் தூற்றினர், வழக்கும் தொடுத்தனர். இராஜாஜியின் அரசு அவ்வாண்டே சட்டம் இயற்றி அச்செயலுக்குப் பாதுகாப்பு அளித்தது. மதுரையில் அம்மனுக்கு முன் தமிழர் எல்லோரும் நிற்கலாம் என்று ஆன பின்னரும், யாழ்ப்பாணத்துப் பெருங்கோயில்கள் பலவற்றின் கதவு திறக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

1950களின் நடுப்பகுதியில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உட்படச் சில பெரிய ஆலயங்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. 1957 ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சாதி காரணமாக ஒருவரை ஆலயத்திலோ கடையிலோ பாடசாலையிலோ தடுப்பது குற்றம் என்று அது கூறிற்று. ஏட்டில் எழுதியது நடைமுறைக்கு வரவில்லை. 1966 ஒக்ரோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் ஒன்று புறப்பட்டது. பொலிசார் அதைத் தாக்கினர். அதன் பின்னர் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. தேநீர்க்கடைகளிலும் ஆலய வாசல்களிலும் போராட்டங்கள் நடந்தன.

1968

1968 ஆம் ஆண்டு மகோற்சவ காலத்தில் மாவிட்டபுரத்திலும் அது நடந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் வழிபட வந்தார்கள். உள்ளே விடப்படவில்லை. வாசலிலே அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். அவர்களைத் தடுக்க வேறோர் அணி நின்றது. விழாக் காலம் கைகலப்புக் காலமாயிற்று; முருகன் சந்நிதியிற் பொலிசார் நின்றனர்.

தடுத்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். அவர் ஒக்ஸ்போர்ட்டிற் கற்றவர், கணிதப் பேராசிரியராக இருந்தவர், டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர். தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று முற்பட்டுப் பேசியவர்களுள் ஒருவர். ஆலய வழமையைக் காப்பது தம் கடமை என்று அவர் உண்மையாகவே நம்பினார். 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கு இலண்டனிலிருந்த பிரிவுக் கவுன்சில் வரை சென்றது. கல்வி மட்டும் ஒருவரது மனக் கதவைத் திறந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெரிய தமிழ்க் கட்சிகளுக்கு இது தர்மசங்கடமாயிற்று. காங்கேசன்துறைத் தொகுதியின் உறுப்பினர் எஸ். ஜே. வி. செல்வநாயகம். அவர் கிறிஸ்தவர், சைவ ஆலய விடயத்தில் தலையிடுவது எளிதன்று. இரு பக்கத்திலும் வாக்காளர் இருந்தனர். தமிழர் உரிமைக்காகச் சிங்கள அரசுடன் வாதாடியவர்கள், தமிழர் தமிழருக்கு மறுத்த உரிமை பற்றி உரத்துப் பேசவில்லை என்ற குறை அன்றே கூறப்பட்டது. மறுபுறத்தில், உயர்ந்தோர் எனப்பட்ட குடும்பங்களிற் பிறந்த இடதுசாரிகள் பலர் போராடியவர்களோடு நின்றதையும் சொல்ல வேண்டும்.

இக்காலத்தை ஈழத்து எழுத்தாளர்கள் மறைக்கவில்லை. கே. டானியல் 1972 இல் வெளிவந்த 'பஞ்சமர்' நாவலில் இதை எழுதினார். என். கே. ரகுநாதன் 'நிலவிலே பேசுவோம்' என்ற சிறுகதையை எழுதினார். மேடையிலே நல்லன பேசும் பெரியவர் ஒருவர், தம்மைக் காண வந்தவர்களை வீட்டினுள் இருத்த மனமின்றி, நிலவு நன்றாயிருக்கிறது, வெளியே இருந்து பேசுவோம் என்று அழைத்துச் செல்கிறார். கடுஞ்சொல் ஒன்றுமில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் வந்தவர்களுக்கு விடயம் விளங்கிவிடுகிறது. மாவிட்டபுரத்தில் வாசலை மறித்து நின்றவர் தாம் நம்பியதை வெளிப்படையாகச் செய்தார். நிலவைக் காட்டியவரோ ஒன்றை நம்பி, வேறொன்றைப் பேசினார். அன்றாட வாழ்க்கையில் இரண்டாமவரே அதிகம்.

கடல் கடந்த பின்னர்

1983 ஆடிக் கலவரத்திலே தமிழரைத் தேடி வந்தவர்கள் என்ன சாதி என்று கேட்கவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது, வாசலை மறித்தவரின் பிள்ளைகளும் வாசலில் அமர்ந்தவரின் பிள்ளைகளும் ஒரே வீதியில் மூட்டை சுமந்தனர். மாவிட்டபுரம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. ஆயினும் துன்பமும் எல்லோருக்கும் ஒரே அளவில் வரவில்லை. வெளிநாட்டிலே உறவினரும் கையிலே காசும் உள்ளவர்கள் வெளியேறினர். சொந்தக் காணியற்றவர்கள் நலன்புரி முகாம்களில் ஆண்டுக்கணக்காகத் தங்கினர். அவர்களிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரே. ரொறன்ரோவுக்கு யார் வந்து சேர்ந்தார், யார் வரவில்லை என்பதிலும் பழைய வரலாற்றின் கை இருந்தது.

வந்தவர்கள் சென்ட் ஜேம்ஸ் டவுனின் அடுக்குமாடிகளிலும் ஸ்காபரோவின் நிலக்கீழ் அறைகளிலும் நெருங்கி வாழ்ந்தனர். இங்கே பனை வேலியுமில்லை, பங்குக் கிணறுமில்லை. கோப்பிக் கடையில் எல்லோருக்கும் ஒரே கடதாசிக் குவளைதான். கோயில்களும் எல்லோருக்கும் பொதுவாகவே எழுந்தன. இவை சிறிய மாற்றங்கள் அல்ல. ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு மாறியது தமிழர் பெருமைப்படத்தக்கதே.

ஆயினும் புதிதாகச் சந்திக்கும் இருவர் பேசிக்கொள்வதைச் சற்றே கவனித்தால் பழைய வழக்கின் தடம் தெரியும். "எந்த ஊர்?" என்ற முதற் கேள்வி அன்பினால் வருவது. "ஊரிலை எவடம்?" என்பது அடுத்தது. "ஆற்றை ஆக்கள்?" என்று மூன்றாவது கேள்வி வரும்போது, கேட்பவருக்கும் சொல்பவருக்கும் அது எதற்கு என்று தெரியும். பத்திரிகைகளின் மணமக்கள் தேவை விளம்பரங்களில் அது ஒளிவுமறைவின்றியே அச்சாகிறது. வடத்தை ஒன்றாகப் பிடித்தவர்கள் சம்பந்தம் பேசும்போது கையை விட்டுவிடுகிறார்கள்.

2023 மார்ச் 8 ஆம் திகதி ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை இது பற்றி ஒரு தீர்மானம் எடுத்தது. சாதி ஒடுக்குமுறையை ஆராய்ந்து அதைக் கையாள்வதற்கு வழி காண ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவின் உதவியைக் கோருவது என்பதே அது. அதை முன்மொழிந்தவர் தமிழரான சபை உறுப்பினர் யாழினி இராஜகுலசிங்கம். 16 பேர் ஆதரித்தனர். 5 பேர் எதிர்த்தனர். சில இந்து அமைப்புகள் ஆட்சேபித்தன. இங்கே அப்படி ஒன்று நடப்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை, இந்துப் பிள்ளைகள் மற்ற மாணவரின் ஏளனத்துக்கு ஆளாவர் என்பது அவர்கள் கவலை. ஆதரித்தவர்களோ தாமும் தம் பிள்ளைகளும் பட்டதைச் சொன்னார்கள். அவ்வாண்டு ஒக்ரோபரில் ஆணைக்குழு, சாதி காரணமான பாகுபாடு மாகாணத்தின் மனித உரிமைக் கோவைக்கு முரணானது என்று தெளிவுபடுத்தியது.

பிள்ளைகளைப் பற்றிய கவலையைப் புறந்தள்ள முடியாது. சிறுபான்மையினராக வாழும் சமூகம் தன் குறையைப் பிறர் முன் சொல்ல அஞ்சுவது வழமை. ஆனால் மறைத்தால் ஏளனம் நீங்கிவிடுமா என்று கேட்க வேண்டும். வகுப்பிலே ஒருவர் இதைப் பற்றிக் கேட்கும்போது, வீட்டில் ஒன்றும் கேள்விப்படாத பிள்ளை திகைத்து நிற்கும். வைத்தியநாத ஐயரையும் வாலிபர் காங்கிரஸ் இளைஞரையும் மாவிட்டபுர வாசலில் அமர்ந்தவர்களையும் அறிந்த பிள்ளை திகைக்காது. குற்றமும் இங்கே நடந்தது, அதைத் திருத்தியவர்களும் இங்கேதான் பிறந்தார்கள் என்று அது சொல்லும். கேட்பவர் அதை மதிப்பர்.

விழா எடுப்பது மனித இயல்பு. கூடும் இடத்திலே பிணங்குவதும் இயல்பே. பிணக்கு முடிந்த பின்னர் நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் கடினம். அது தானாக வருவதில்லை, பழக வேண்டும். பேரப்பிள்ளையைத் தோளில் வைத்துத் தேர் காட்டும் பாட்டனாருக்கு 1968 இல் இருபது வயதாவது இருந்திருக்கும். அவர் வாசலின் எந்தப் பக்கத்தில் நின்றார், அல்லது வீட்டிலே பேசாமல் இருந்தாரா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். தேர் இருப்பிடத்துக்கு வந்து, அன்னதானமும் முடிந்து, வீடு திரும்பும் வழியில் அதைப் பேரனுக்கு அவர் சொல்லலாம். சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.