சந்திரா முசாஃபர்

மலேசிய அரசியல் அறிஞர், போர் எதிர்ப்பாளர். 1947இல் கெடா மாநிலத்தின் பீடோங்கில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் தாக்கிய இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியில் நடமாடுகிறார். 1970களில் இஸ்லாத்தைத் தழுவினார்.

1970 முதல் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பின், 1979இல் ‘புரொடெக்டர்?’ (‘காவலரா?’) என்ற நூலை வெளியிட்டார். மலாக்கா சுல்தான் காலத்திலிருந்து அம்னோ கட்சியின் காலம்வரை மலாய்ச் சமூகத்தில் தலைவனுக்கும் தொண்டனுக்கும் இடையிலான விசுவாசத்தை ஆராயும் நூல் இது. மலாய் மரபுக் கதை ஒன்றில், வீண்பழியை நம்பித் தன் விசுவாச வீரன் ஹங் துவாவைக் கொல்லச் சொல்கிறார் மலாக்கா சுல்தான். நண்பனுக்காகக் கொதித்தெழுகிறான் ஹங் ஜெபாட். ஒளித்து வைக்கப்பட்டிருந்த துவா திரும்பி வந்து, அதே சுல்தானுக்காக ஜெபாட்டைக் கொல்கிறான். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இந்தக் கதையின் கேள்விக்குறியைத்தான் நூலின் தலைப்பும் தாங்கி நிற்கிறது. சந்திராவின் பிற்கால எழுத்துகள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான்.

1977இல் ‘அலிரான்’ சீர்திருத்த இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர்; இன எல்லை தாண்டிச் சிந்தித்த அரிய அமைப்பு அது. அதன் தலைவராக இருந்தபோது, 1987 அக்டோபரில் நடந்த லாலாங் நடவடிக்கையில், விசாரணையின்றிக் காவலில் வைக்க இடந்தரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதானார். நூற்றுக்கும் மேற்பட்டோர் அப்போது பிடிபட்டனர்.

1990களின் தொடக்கத்தில் அவர் கவனம் உலக அரசியலுக்குத் திரும்பியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்து இயங்கிய ‘ஜஸ்ட்’ எனும் நீதியான உலகுக்கான பன்னாட்டு இயக்கத்தை நிறுவினார். 1994 டிசம்பரில் கோலாலம்பூரில் அது கூட்டிய மாநாடு, மனித உரிமையைப் போதிக்கும் வல்லரசுகளே அதை மீறுவதைக் கணக்கெடுத்தது. ஈராக் போர், பாலஸ்தீனம் என எதிர்ப்புத் தொடர்ந்தது. சமயங்களுக்கு இடையிலான உரையாடலும் அவருக்குத் தீராத ஈடுபாடு: 1997இல் மலாயாப் பல்கலைக்கழக நாகரிக உரையாடல் மையத்தின் முதல் இயக்குநரானார். துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பதவி நீக்கப்பட்டதை அடுத்த கொந்தளிப்பில், 1999இல் சந்திராவின் பணி ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

அதே ஆண்டு அன்வார் ஆதரவாளர்களின் கெஅடிலான் கட்சியின் துணைத் தலைவராகி, பண்டார் துன் ரசாக் தொகுதியில் போட்டியிட்டுத் தோற்றார். 2001இல் கட்சியை விட்டு விலகி, மீண்டும் ஜஸ்ட் பணிக்கே வந்தார். கட்சி அரசியல் அவருக்கு ஒட்டவில்லை என்றே சொல்ல வேண்டும்.

2009இல் பிரதமர் நஜிப் அரசின் ‘ஒரே மலேசியா’ அறவாரியத்துக்குத் தலைமையேற்றது பலரை முகம் சுளிக்க வைத்தது. இன ஒற்றுமைக்காகவே ஏற்றார் என்பது ஆதரவாளர் வாதம். ‘புரொடெக்டர்?’ படித்தவர்களுக்கு அது முழு விடையாகத் தோன்றவில்லை.