பாத்தியின் தரையும் குருதிக்குழாயின் உள்வரியும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில், பெருமுக்கல் குன்றுக்கு அருகே என் தாய்மாமன் வீடு. நாற்பதாண்டுகள் மரக்காணத்து உப்பளங்களில் உழைத்தவர். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் பைபாஸ் அறுவை செய்துகொண்டார். மார்பில் ஒரு தழும்பு. கணுக்காலிலிருந்து தொடைவரை மற்றொன்று. "மாப்ளே, கால்ல எடுத்து நெஞ்சுல வச்ச குழாய் எத்தன வருஷம் தாங்கும்?" என்று கேட்டார். தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க வினாவன்று. ஆயினும் தேடிப் படித்தேன். அகப்பட்டது ஒரு வரலாறு.

அடைபட்ட இதயத் தமனியைக் காலின் சிரை கொண்டு சுற்றிக் கடக்கும் முறையை 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நிலைநிறுத்தியவர் அர்ஜென்டினரான ஃபவலோரோ. எட்டாண்டுகளில் அது நம்மிடம் வந்தது. 1975இல் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் செய்ததே இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை எனப் பதிவாகியுள்ளது. தனியார் மருத்துவமனைகள் பெருகாத அந்நாளில், ஓர் இரயில்வே மருத்துவமனையில் இது நிகழ்ந்ததை நாம் போதிய அளவு நினைவுகூர்வதில்லை. செரியன் 2025இல் மறைந்தார்.

அக்காலத்தில் உலகெங்கும் சிரை வெறும் குழாயாகவே கருதப்பட்டது. வெட்டியெடுத்த சிரைக்குள் ஊசிக்குழலால் உப்புநீரை அழுத்திச் செலுத்தி, உப்பவைத்து, ஒழுகல் உண்டா என்று பார்ப்பார்கள். பொருத்தும்வரை உப்புநீரிலேயே இட்டுவைப்பார்கள். உள்ளே ஒற்றை உயிரணு அடுக்காக எண்டோதீலியம் என்னும் உள்வரி இருப்பது தெரியும். அது என்ன செய்கிறது என்பது தெரியாது.

1980இல் ஃபர்ச்காட், சவாட்ஸ்கி இருவரும் முயலின் பெருந்தமனியைக் கொண்டு செய்த ஆய்வை வெளியிட்டனர். உள்வரி தேய்ந்துபோன துண்டு, விரிய வேண்டிய மருந்துக்குச் சுருங்கியது. உள்வரி சிதையாத துண்டு விரிந்தது. குழாயை விரியச் செய்வதும் குருதி உறையாமல் காப்பதும் அந்த மெல்லிய வரியே. அது சுரப்பது நைட்ரிக் ஆக்சைடு எனப் பின்னர் தெளிந்தது. 1998இல் ஃபர்ச்காட்டுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஊசிக்குழலின் அழுத்தத்தில் உரிந்துபோனது எது என்பது அப்போதுதான் முழுதாக விளங்கியது.

இதை மாமாவுக்கு விளக்குவது எளிதாக இருந்தது. உப்புப் பாத்தியின் தரையை நாட்கணக்கில் காலால் மிதித்து இறுக்குவார்கள். தரை உடைந்தால் உப்பில் சேறு கலக்கும். அவ்வாறே, உள்வரி உரிந்த இடத்தில் தட்டணுக்கள் ஒட்டும், சுவர் தடிக்கும், நாளடைவில் கொழுப்புப் படியும். சிரை இணைப்புகளில் ஏறத்தாழப் பாதி பத்தாண்டுகளில் அடைபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். உள்மார்புத் தமனியின் உள்வரி இயல்பிலேயே வலியது. அவ்விணைப்புகளில் பத்துக்கு ஒன்பது அதே காலத்தில் திறந்திருக்கின்றன.

சேதம் இணைப்போடு நிற்பதுமில்லை. 1953இல் கிப்பன் வெற்றிகரமாகப் பயன்படுத்திய இதய-நுரையீரல் இயந்திரத்தில் குருதி அயற்பரப்புகளைத் தொட்டு ஓடுகிறது. உள்வரியின்மேல் கிளைகோகேலிக்ஸ் என்றொரு சர்க்கரைப் பாசிப்படலம் உண்டு. குருதியோட்டம் தடைப்பட்டு மீளும் அறுவைகளில் அப்படலம் கழன்று, அதன் துணுக்குகள் குருதியில் மிதப்பதை 2007இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினர். படலம் போனால் குழாய்கள் நீரைக் கசியவிடும். அறுவைக்குப் பின் மாமாவின் முகமும் கைகளும் வீங்கியிருந்ததைக் கண்டு வீட்டார் அழுதார்கள். இத்தகைய வீக்கத்தில் இக்கசிவுக்கும் பங்குண்டு என்பதை எவரேனும் சொல்லியிருக்கலாம்.

சுவீடனின் ஓரெப்ரூ நகரில் சோசா என்னும் மருத்துவர் 1990களில், சிரையை அதைச் சூழ்ந்த கொழுப்போடே எடுத்து, உப்பவைக்காமல் பொருத்தத் தொடங்கினார். வெறும் உப்புநீர் சற்று அமிலத்தன்மை உடையது, உள்வரிக்கு ஆகாதது என்பதால், பலர் நோயாளியின் குருதிக்கோ காரகாடி நிலை பேணும் கரைசலுக்கோ மாறியுள்ளனர்.

மாமா இதைக் கேட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, உப்புநீரில் வெடித்துக் காய்ந்த தம் பாதங்களைப் பார்த்துக்கொண்டே, "அங்கயும் உப்புத் தண்ணிதானா?" என்றார்.