வித்தியாநுபாலன யந்திரசாலை

வித்தியாநுபாலன யந்திரசாலை என்பது யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) தொடங்கிய அச்சகம், பதிப்பகம். வண்ணார்பண்ணையில் தொடங்கிச் சென்னையில் வேரூன்றிய இதன் பிற்கால வரலாறு, இன்றைய கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தோடு பின்னிக் கிடக்கிறது.

அந்நாளில் யாழ்ப்பாணத்து அச்சுத்தொழில் பெரும்பாலும் கிறித்தவ மிஷன்களின் கையில் இருந்தது. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற நாவலர், அச்சின் வலிமையை அருகிருந்து கண்டவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் பாடநூல் தேவைப்பட்டது. மறு ஆண்டே மாணவர் சதாசிவப்பிள்ளையுடன் தமிழகம் வந்து அச்சியந்திரம் வாங்கிச் சென்றார். திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' பட்டம் அளித்ததும் அப்பயணத்தில்தான்.

பாலபாடங்கள், ஆத்திசூடி, கொன்றைவேந்தன் எனச் சிறுவர் நூல்களே முதலில் வந்தன. பெரியபுராண வசனம், சைவதூஷண பரிகாரம் (1854) ஆகியவை பின்தொடர்ந்தன. சென்னையிலும் அச்சுக்கூடம் அமைந்த பிறகு, இராமநாதபுரம் பொன்னுச்சாமித் தேவரின் ஆதரவில் திருக்குறள் பரிமேலழகர் உரை 1861இல் வெளிவந்தது.

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் தெரியாது. நாவலர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்தார், அச்சுத்தாள்களைத் திரும்பத் திரும்பத் திருத்தினார், உரைநடையில் நிறுத்தக்குறிகளை இட்டு வாசிப்பை எளிதாக்கினார். 'நாவலர் பதிப்பு' என்றால் பிழையற்றது என்று புலவர்கள் நம்பியதற்கு இந்த உழைப்பே காரணம். தமிழ்ப் பதிப்புத்துறைக்கு இந்த அச்சகம் தந்த பெருங்கொடையும் இதுவே.

1864இல் நாவலர் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். நன்கொடையும் நூல் வருவாயும் பள்ளிகளைத் தாங்கின. அவர் மணம் செய்துகொள்ளாதவர். ஆகவே அவருக்குப்பின் மாணவரும் உறவினருமே இப்பணிகளை ஏற்றனர். சென்னை அச்சகத்தைச் சதாசிவப்பிள்ளை நடத்தினார். மருகர் பொன்னம்பலபிள்ளை நூல்களைப் பதிப்பித்தார். தமையன் மகன் கைலாசபிள்ளை நாவலரின் வரலாற்றை எழுதியதோடு, சிதறிக் கிடந்த அவருடைய எழுத்துகளைப் பிரபந்தத்திரட்டாகத் தொகுத்தார். பிற்காலப் பதிப்புகளின் முகப்பில், பதிப்பித்தவர் பெயரோடு 'சிதம்பர சைவப்பிரகாச வித்தியாசாலைத் தருமபரிபாலகர்' என்ற குறிப்பும் இடம்பெற்றது.

சிதம்பரம் பள்ளி இன்று நாவலர் பெயரில் மேல்நிலைப் பள்ளியாக இயங்குகிறது.