ஒப்பித்தலும் கையொப்பமும்: திருச்சானூர் வட்டாரத்தில் ஆசிரியர் – பெற்றோர் தொடர்பின் வரலாறு

மாணவன் வகுப்பில் எதைக் கற்றான், எவ்வாறு ஒழுகினான் என்பதை ஆசிரியர் வீட்டார்க்கு அறிவித்தல் கல்விமுறையின் இன்றியமையாத கூறாகும். இன்று அது தேர்ச்சி அட்டை வாயிலாகவும் பெற்றோர் கூட்டம் வாயிலாகவும் நிகழ்கிறது. அட்டை தோன்றுவதற்கு முன் அவ்வறிவிப்பு எவ்வாறு நிகழ்ந்தது, அது எழுத்துக்கு மாறியபோது வீட்டார் எதனை இழந்தனர் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

அலர்மேல்மங்கைத் தாயார் கோயிலால் சிறப்புற்ற திருச்சானூர், தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்கும் எல்லை வட்டாரத்தைச் சார்ந்தது. திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களின் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இப்பகுதி வடஆர்க்காடு மாவட்டத்துள் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. பள்ளி மொழியும் வீட்டு மொழியும் ஒன்றாக இராத நிலை இங்குப் புதியதன்று.

1. செவிவழி அறிவிப்பு

இவ்வட்டாரத்தை உள்ளடக்கிய சென்னை மாகாணத்தின் நாட்டுப்புறப் பள்ளிகளைப் பற்றி விவரம் திரட்டுமாறு ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டார். அவர்தம் 1826ஆம் ஆண்டுக் குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். மாணவருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. ஆகவே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மாருள் மிகப் பெரும்பாலோர் பள்ளிக் கல்வி பெறாதவர் எனக் கொள்ளலாம்.

ஆயினும் பிள்ளையின் படிப்பை அறிய அவர்களுக்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை. தமிழில் திண்ணைப் பள்ளி எனவும் தெலுங்கில் வீதிபடி எனவும் வழங்கிய அப்பள்ளிகளின் கல்வி பெரிதும் வாய்வழிக் கல்வி. 'வாய்ப்பாடு' என்னும் சொல்லே இதற்குச் சான்று. மாலையில் பிள்ளைகளை அனுப்பும்போது பூ, விலங்கு, ஊர் போன்றவற்றின் பெயருள் ஒன்றை ஒவ்வொருவனுக்கும் சொல்லியனுப்பி, மறுநாள் அதனைக் கேட்கும் வழக்கத்தை உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் பதிவு செய்துள்ளார். வீட்டுப்பாடம் அன்று சிறுவனின் நாவிலேயே வீடு சென்றது.

ஒழுக்கத்திற்கான குறிப்பும் ஏட்டில் ஏறவில்லை. 1816இல் தெலுங்கு இலக்கணம் வெளியிட்டவரும் பல்லாரி மாவட்ட ஆட்சியராக இருந்தவருமான ஏ. டி. காம்பெல், 1823இல் அனுப்பிய அறிக்கையில் பள்ளியின் காலை நடைமுறையை விளக்குகிறார். முதலில் வந்த சிறுவனின் உள்ளங்கையில் கலைமகள் பெயர் எழுதப்படும்; இரண்டாமவனுக்குச் சுழியம்; பின்வருவோர்க்கு வரிசைப்படி ஏறும் பிரம்படி. மாணவனின் கையே அன்றைய நடத்தைப் பதிவேடாக இருந்தது எனலாம்.

ஆசிரியர் குடும்பங்களை நேரில் காணும் காலம் நவராத்திரி. தெலுங்கு வழக்கில் தசராவின்போது 'அய்யவாரு' மாணவர்க்கு வில்லும் அம்பும் தந்து வீடுவீடாக அழைத்துச் சென்று பாடச் செய்வார். அவர்க்குப் பணமும் பிள்ளைகளுக்குப் பொரிகடலையும் வெல்லமும் கிடைக்கும். தமிழகத்திலும் கோலாட்டத்தோடு கூடிய இத்தகைய வழக்கம் இருந்தது. மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் ஈட்டாதவர் என மன்றோ குறிக்கும் ஆசிரியர்க்கு இது வருவாய். வீட்டார்க்கோ ஆண்டுத் தேர்ச்சியைக் காதாரக் கேட்கும் வாய்ப்பு.

தமிழில் 'ஒப்பித்தல்' என்பது பாடத்தைச் சொல்லுதலையும் பொருளை உரியவரிடம் சேர்ப்பித்தலையும் குறிக்கும். தெலுங்கின் 'ஒப்பசெப்பு' என்னும் வினைக்கும் இவ்விரு பொருளும் உண்டு. கற்றதைக் கேட்போரிடம் ஒப்படைப்பதே அறிவிப்பு என்னும் கருத்து இரு மொழிச் சொற்களிலும் பதிந்துள்ளது.

இம்முறையைக் குறையற்றதாகக் கொள்ளலாகாது. பொருள் அறியாது செய்யுளை ஒப்பித்த சிறுவர்களைக் காம்பெல் கிளிக்கு ஒப்பிடுகிறார். தண்டனையும் கொடிது. ஒலியைக் கேட்ட தாய், பொருள் விளங்கிற்றா என்பதை அறிய வழியில்லை.

2. பதிவேட்டின் வருகை

எழுத்துப் பதிவு வேறொரு சூழலில் தோன்றியது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற மைந்தர்க்கான விடுதிப்பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், மாணவரைக்கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை வகுத்து 1797இல் நூலாக வெளியிட்டார். அன்றாடப் பாட அளவுக்கும் குற்றங்களுக்கும் பதிவேடுகள் வைப்பது அம்முறையின் கூறு. பிள்ளைகள் விடுதியில் வளர்ந்தமையின் அவை பெற்றோர்க்காக எழுதப்பட்டவை அல்ல, மேலாண்மைக்காக எழுதப்பட்டவை.

1854ஆம் ஆண்டுக் கல்விச் சாசனத்தின்பின் அரசு நல்கை விரிந்தது. தேர்வின் பயனுக்கேற்பப் பணம் வழங்கும் முறை 1860களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்து, திண்ணைப் பள்ளிகளையும் எட்டியது. நல்கை ஆய்வாளரின் தேர்வைப் பொறுத்தது. ஆகவே ஆசிரியர் கணக்குக் காட்ட வேண்டிய இடம் வீட்டு வாசலிலிருந்து அலுவலகத்திற்குப் பெயர்ந்தது. பிற்காலத் தேர்ச்சி அட்டை இப்பதிவேட்டு மரபின் வழித்தோன்றலே. அதில் பெற்றோர்க்கு உரிய இடம் அடியிலுள்ள 'கையொப்பம்' மட்டுமே. 'ஒப்பித்த'லும் 'ஒப்ப'மும் ஒரே வேரின. எனினும் முன்னதில் வீட்டார் கேட்போர், பின்னதில் ஒப்புக்கொள்வோர். எழுத்தறியாதார் கைநாட்டு வைத்தனர்.

3. சட்டமும் மொழியும்

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் (நடைமுறை 1.4.2010) இவ்வுறவை மீண்டும் நேரடியாக்க முயல்கிறது. அதன் 24ஆம் பிரிவு, பெற்றோரைக் குறித்த கால இடைவெளியில் கூட்டி வருகை ஒழுங்கு, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை அறிவித்தலை ஆசிரியரின் கடமையாக்குகிறது. 17ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது. 29ஆம் பிரிவு, இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கிறது. எனினும் பெற்றோர்க்கு அறிவிப்பது எம்மொழியில் என்பதை 24ஆம் பிரிவு சுட்டவில்லை.

எல்லை வட்டாரத்தில் இவ்விடைவெளி சிறிதன்று. பிள்ளை தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பயில, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய்க்கு அட்டையின் மதிப்பெண் விளங்கலாம். நடத்தை பற்றிய ஒரு வரி விளங்காது. எழுத்தறிந்தவரும் அவ்வட்டையின்முன் எழுத்தறியாதவராகிறார்.

திண்ணைப் பள்ளியின் பிரம்பு மீள வேண்டுவதில்லை. ஆனால் கேட்போர்க்கு விளங்கும் வடிவில் கற்றதைக் கொண்டு சேர்த்த அதன் வழக்கம் போற்றத்தக்கது. பெற்றோர் கூட்டத்தில் அட்டையை வீட்டு மொழியில் படித்துக் காட்டுதலும், பிள்ளையே தான் கற்றதைத் தாய்மொழியில் விளக்கச் செய்தலும் பெருஞ்செலவு வேண்டாதவை. அப்போதுதான் அட்டையின் கீழ் இடப்படும் ஒப்பம் அறிந்து இடப்பட்ட ஒப்பமாகும்.