உரோமர் சட்டமும் உரை மரபும்

ஒரு பேரரசின் சட்டம் அப்பேரரசின் படைவலியால் நிலைபெறும் என்பது பொதுவான எண்ணம். உரோமர் சட்டத்தின் வரலாறு இதற்கு மாறானது. மேற்கு உரோமப் பேரரசு கி. பி. 476-இல் வீழ்ந்தது, அதன் சட்டமோ பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் முறைமன்றங்களில் ஆட்சி பெற்றது. இவ்வாழ்வை அதற்கு அளித்தது உரை மரபே என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து கிழக்குப் பேரரசை ஆண்ட ஜஸ்டீனியன் (527–565), திரிபோனியன் தலைமையில் ஒரு குழுவை அமைத்துப் பண்டைச் சட்ட அறிஞர்தம் நூற்பகுதிகளைத் தொகுப்பித்தான். ‘டைஜெஸ்ட்’ எனப்படும் அத்தொகை, 50 பிரிவுகள் உடையதாய் 533-இல் வெளிப்பட்டது. உரைகள் பெருகின் பொருள் மயங்கும் என அஞ்சிய மன்னன், அதற்கு உரை எழுதலாகாது எனத் தடையும் விதித்தான். சொல்லுக்குச் சொல் கிரேக்கத்தில் பெயர்த்தல் போன்ற சிலவற்றிற்கே இசைவு தந்தான்.

மேற்கே அத்தொகை நெடுங்காலம் கற்பாரற்றுக் கிடந்தது. 11-ஆம் நூற்றாண்டு முடிந்து 12-ஆம் நூற்றாண்டு தொடங்கும் காலத்தில், இத்தாலியின் பொலோனா நகரில் இர்னேரியஸ் என்பார் உரோமர் சட்டத்தைப் பாடஞ்சொன்னார். அவரும் அவர்வழி வந்த மாணாக்கரும் ஏட்டின் ஓரங்களிலும் வரிகளின் இடையிலும் சொற்பொருளும் விளக்கமும் வரைந்தனர். முரணுவனபோலத் தோன்றும் இடங்களை ஒப்புநோக்கி அமைதி கூறினர். 13-ஆம் நூற்றாண்டில் அக்கூர்சியஸ் இக்குறிப்புகளைத் திரட்டிப் பேருரையாக்கினார். அதன்கண் உள்ள குறிப்புகள் 90,000-க்கும் மேற்பட்டவை. அவ்வுரை ஏலாததை மன்றமும் ஏலாது என்னும் வழக்கு பின்னர் எழுந்தது. மூலத்தின் இடத்தை உரை கைக்கொண்டமைக்கு வேறு சான்று வேண்டா.

இங்ஙனம் பயின்றோர் தத்தம் நாடுகளில் நடுவராகவும் அரசர்க்கு அறிவுரைஞராகவும் அமர்ந்தனர். செருமனியில் 1495-இல் நிறுவப்பெற்ற பேரரசு முறைமன்றத்தின் நடுவருட் பாதியினர் சட்டம் கற்றோராதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. ஆண்டு உள்ளூர் வழக்காற்றைக் காட்டுவோர் அதனை மெய்ப்பிக்க வேண்டியவராயினர். உரோமர் சட்டத்திற்கோ அது வேண்டப்படவில்லை. எழுதாக் கிளவியாய் வழங்கிய மக்கள் முறைகள் பல இதனால் தளர்ந்தமை, இவ்வளர்ச்சியின் மறுபுறமாகும்.

இங்கிலாந்தில் சட்டக்கல்வி பல்கலைக்கழகங்களைச் சாராது வழக்கறிஞர் கழகங்களில் வளர்ந்தது. உரோமர் சட்டத்தின் செல்வாக்கு ஆண்டுக் குறைந்தமைக்கு இஃது ஒரு தலையாய காரணமாம். பிரான்சின் 1804-ஆம் ஆண்டுக் குடியியற் சட்டம் ஒப்பந்தம் முதலிய பகுதிகளில் உரோமர் கருத்துகளைத் தழுவியது. செருமானியக் குடியியற் சட்டம் 1900 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வருங்காறும், அந்நாட்டின் சில பகுதிகளில் ‘டைஜெஸ்ட்’ தொகையே மன்றங்களில் மேற்கோளாக ஆளப்பெற்றது. உரையைத் தடுத்த மன்னனின் தொகை, உரையாலேயே ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் வாழ்ந்தது என்பது இவற்றாற் பெறப்படும்.