பள்ளிக்கு வராத பிள்ளைகளும் நம் கடற்கரை ஆசிரியர்களும்

யூபிலி மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று பங்குத்தந்தை அவர்கள் கேட்டார்கள். ஆலயத்தைப் பற்றியும், தங்கத் தேரைப் பற்றியும், நம் முன்னோரின் விசுவாசத்தைப் பற்றியும் எழுத வல்லவர்கள் பலர் நம்மிடையே உள்ளனர். அடியேன் முப்பத்தைந்து ஆண்டுகளாக வருகைப் பதிவேட்டைக் கையில் ஏந்தியவன். யார் வந்தான், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டுக் கேட்டே காலம் கழித்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த அந்தப் பொருளைப் பற்றியே எழுதத் துணிகிறேன். பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கும் வரலாறு உண்டு. நம் கடற்கரையில் அது பள்ளிக்கூடங்களின் வரலாற்றுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

1542-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மக்கள் திருமுழுக்குப் பெற்றிருந்தனர் என்பதையும், ஆயினும் கற்பிப்பார் இல்லாமல் இருந்தனர் என்பதையும் நாம் அறிவோம். அவ்வாண்டு அக்டோபர் 28-ஆம் நாள் தூத்துக்குடியிலிருந்து புனித இஞ்ஞாசியாருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். இங்குள்ள சிறுவர்கள் தமக்குச் சில செபங்களைக் கற்றுக் கொடுக்கும்வரை தம்மை உண்ணவும் உறங்கவும் விடுவதில்லை என்ற கருத்து அதில் காணப்படுகிறது. பிள்ளைகளைத் தேடி ஆசிரியர் அலைவதுதான் உலக வழக்கம். இங்கே ஆசிரியரைப் பிள்ளைகள் விரட்டியிருக்கிறார்கள்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது பொறாமையே உண்டாகும்.

ஆனால் எப்போதும் அப்படியே இருந்துவிடவில்லை. 1544-ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் தம் முறையை அவரே விவரிக்கிறார். தமிழ் அறிந்தோர் துணையுடன் செபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை எடுத்துக்கொண்டு ஊரெங்கும் நடந்து, அகப்பட்ட சிறுவரையும் பெரியவரையும் கூட்டி, நாளுக்கு இருமுறை கற்பித்தார். கவனியுங்கள், மணியை ஓரிடத்தில் கட்டிவைத்து அவர் அடிக்கவில்லை. மணியே தெருத்தெருவாக நடந்து சென்றது. ‘நான் இருக்கிறேன், வருகிறவன் வரட்டும்’ என்று உட்கார்ந்திருந்தால் வலை உலர்த்துகிற இடத்திலும் சங்கு கழுவுகிற இடத்திலும் இருந்த சிறுவன் எக்காலத்திலும் வந்திருக்கமாட்டான்.

அவர் சென்ற பிறகு மணி யார் கையில் இருப்பது? அதற்காக ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். பிற்காலத்தில் நாம் உபதேசியார் என்று அழைத்தவர்களின் முன்னோடிகள் இவர்களே. இவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே! போர்த்துக்கல் நாட்டு அரசி கத்தரீனாளின் பாதரட்சைச் செலவுக்கென இக்கடற்கரையிலிருந்து ஆண்டுதோறும் 4000 பணம் சென்றுகொண்டிருந்தது. அத்தொகையைச் சவேரியார் கணக்கப்பிள்ளைகளுக்கென்று கேட்டுப் பெற்றார். விண்ணகம் ஏறுவதற்கு இக்கடற்கரைக் குழந்தைகளைவிட நல்ல பாதரட்சை அரசிக்குக் கிடையாது என்று அவர் எழுதியதாகவும் சொல்வார்கள். எழுதினாரோ இல்லையோ, பணம் வந்தது. வாத்தியாரின் சம்பளத்தைப் பற்றி முதலில் கவலைப்பட்ட அதிகாரி என்ற முறையில் எங்கள் இனத்தார் அவருக்கு இன்னும் ஒரு நன்றிப் பூசை பாக்கி வைத்திருக்கிறோம்.

அவர் கண்டிப்பே இல்லாதவர் என்று எண்ணிவிடலாகாது. சாராயம் குடிக்கும் பெண்களுக்குச் சிறைத் தண்டனை விதிக்கச் சொன்னவர் அவர். ஆயினும் தம்முடன் உழைத்த மான்சிலாஸ் என்பவருக்கு எழுதிய கடிதங்களில், கெட்ட பிள்ளைகளிடத்தில் நல்ல தந்தை பொறுமையாய் இருப்பதுபோல இம்மக்களிடம் இருக்கவேண்டும் என்று மீண்டும் மீண்டும் வற்புறுத்துகிறார். மான்சிலாசுக்கு அந்தப் பொறுமை எளிதில் வரவில்லை போலும். இல்லாவிடில் ஒரே அறிவுரையை இத்தனை முறை எழுதுவானேன்?

சவேரியாருக்குப்பின் 1547-இல் வந்த அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலை மையமாகக் கொண்டு அரை நூற்றாண்டு உழைத்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்ட நூல். இந்திய மொழி எழுத்துகளில் முதன்முதலில் அச்சேறியது அதுவே என்று நாம் பெருமை கொள்கிறோம். என் போன்றவர்களுக்கு அதில் வேறொரு செய்தியும் உண்டு. வகுப்புக்கு வராதவன் வீட்டுக்கும் புத்தகம் போகும். ஏட்டுச்சுவடியை எத்தனை பேருக்குப் பெயர்த்தெழுத முடியும்?

இனி நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் முறையைச் சற்று நோக்குவோம். நம் ஊர்ப்புறத்திலும் அவை இருந்தனவாதலின் அதை விட்டுவிடலாகாது. அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அட்டமி ஆகிய நாள்களில் விடுமுறை. (அமாவாசையும் பௌர்ணமியும் கடலில் நீரோட்டம் பெருகும் நாள்கள். கடற்கரைப் பையனுக்கு அது நல்ல பொருத்தந்தான்.) மற்ற நாள்களில் தாமதமாய் வந்தால் என்ன நடக்கும் என்பதைப் பெல்லாரி கலெக்டர் காம்பெல் 1823-இல் சென்னை அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் எழுதியிருக்கிறார். முதலில் வருபவன் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்படும். இரண்டாமவன் கையில் ஒரு சுழியம். மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. இப்படியே கூடிக்கொண்டு போகும். கணக்கைப் பாருங்கள்! முப்பதாவதாக வரவேண்டிய பையன் புத்திசாலியாயிருந்தால் அன்று பள்ளிப் பக்கமே வரமாட்டான். வராதவனைப் பிடித்துவரச் சட்டாம்பிள்ளை நாலு தடியன்களை அனுப்புவான். தாமதத்துக்குக் கொடுத்த அடியே வராமைக்குக் காரணமாயிற்று என்பதை அக்காலத்து ஆசிரியர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. என் காலத்தில் நாங்களும் எளிதில் உணரவில்லை.

ஆங்கில ஆட்சியில் சட்டங்கள் வந்தன. 1880-களின் இறுதியில் தூத்துக்குடியில் ஹார்வி ஆலை எழுந்தபோது, தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுப் பிள்ளையையே வேலைக்கு அனுமதித்தது. 1891-இல்தான் அது ஒன்பது வயதாக உயர்ந்தது. 1920-ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் விதிக்க இடமளித்தது. கஞ்சிக்கு வழியில்லாத வீட்டில் அபராதத்தை வசூலிப்பது எங்ஙனம் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

1953-இல் இராசாசி அவர்களின் அரசு வேறொரு வழியைக் கண்டது. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு, மீதி நேரம் பிள்ளை தகப்பன் தொழிலைப் பார்க்கலாம் என்றது. வராமையையே திட்டமாக்கிவிட்டால் வராதவன் என்று ஒருவன் இருக்கமாட்டான் அல்லவா! குலக்கல்வி என்று அதை எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி நம் கரைக்கும் பொருந்தும். மீனவன் மகன் மீனவனாகத்தான் இருக்கவேண்டுமா? 1954-இல் முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தை அவ்வாண்டே கைவிட்டார். 1956-இல் நமக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சட்டாம்பிள்ளையின் ஆள்களும் அபராதமும் கொண்டுவர முடியாத பிள்ளைகளைச் சோறு கொண்டுவந்தது. இதை நான் கண்ணால் கண்டவன். பந்தி முடிந்ததும் மதில் ஏறிக் குதித்தவர்களையும் கண்டவன்தான். அவர்கள் பாதி நாளாவது வந்தார்களே!

அக்காலத்தில்தான், நான் தொடக்கப் பள்ளியில் படித்தபோது, முத்துச் சலாபம் நடந்தது. 1928-க்குப்பின் 1955-இல்தான் முத்துப்பார்கள் மீண்டும் குளிப்புக்குத் தகுதியாயின. 1961 வரை குளிப்பு நடந்தது. பின்னர் இன்றுவரை இல்லை. முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும் பங்குனி மாதம் அது. வகுப்பில் பாதிப் பலகைகள் காலி. தகப்பன்மாரும் அண்ணன்மாரும் கல்லைக் காலில் கட்டிக் கடலில் இறங்குகிறார்கள், மாலையில் வள்ளங்கள் பாய் விரித்துக் கரை சேர்கின்றன, சிப்பி ஏலம் போகிறது என்றால் எந்தப் பையனுக்கு வாய்ப்பாடு ஏறும்? எங்கள் ஆசிரியர் ஒருவர் கையில் பிரம்போடு கடற்கரைக்கு வந்தார். நாங்கள் ஓட ஆயத்தமானோம். அவர் எங்களை மணலில் உட்காரவைத்து, “எடுத்த சிப்பியில் குளித்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, சர்க்காருக்கு இரண்டு பங்கு. உங்கப்பன் ஆயிரத்து இருநூறு எடுத்தால் வீட்டுக்கு எவ்வளவுடா வரும்?” என்றார். பின்னக் கணக்கு எனக்கு அன்றுதான் விளங்கியது. இரண்டு நாள் இப்படி நடந்தது. மூன்றாம் நாள் பள்ளியை விட்டு வெளியே போகக் கூடாதென்று அவருக்கு மேலிடத்தில் தடை வந்துவிட்டது. எங்களில் மூவர் சலாபம் முடிந்தபின்னும் பள்ளிக்குத் திரும்பவில்லை.

சலாபத்தைப் பார்க்கப் போனது அவசியமா, அநாவசியமா? பதிவேட்டில் அது அநாவசியமே. ஆனால் இருபத்தேழு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்த காட்சி அது. அன்று பார்க்காதவனுக்குப் பிறகு பார்க்கக் கிடைக்கவில்லை.

நான் ஆசிரியனானபின் எனக்கு வந்த விடுப்புக் கடிதங்களைத் திரட்டி வைத்திருந்தால் அதுவே ஒரு மலராகியிருக்கும். ஒரே பாட்டியார் ஒரு கல்வியாண்டில் மும்முறை இறந்திருக்கிறார். காய்ச்சல் என்று எழுதிய அன்று மாலையே சார்லஸ் தியேட்டர் வாசலில் காய்ச்சல்காரனைச் சந்தித்ததும் உண்டு. கரைவலை இழுக்கப் போய் ஒரு கை மீனோடு வீடு சேர்ந்தவன் வேறு வகை. அவனை அடிக்கக் கை வராது. கொழும்பிலிருந்து மாமா வந்திருக்கிறார் என்பதும் ஒரு காரணமாக இருந்தது. தோணிப் போக்குவரத்து இருந்தவரை மாமன்மார் வந்துகொண்டே இருந்தார்கள்.

இவை எல்லாவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. சொன்னால் பங்கு மக்கள் கோபிக்கலாம். நம் திருவிழாக்களே அவை. பனிமய மாதா திருவிழாவுக்காக ஆகஸ்ட் 5-ஆம் நாள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அதை ஈடுசெய்ய ஒரு சனிக்கிழமை பள்ளி வைக்கிறார்கள். அரசு கொடுப்பது ஒரு நாள். நாம் எடுத்துக்கொள்வதோ சூலை 26 கொடியேற்றம் தொடங்கிப் பத்து நாள். அது முடிந்து மூச்சுவிடுமுன் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம், பிறகு செப்டம்பர் 14 மணப்பாடு சிலுவைத் திருவிழா. பள்ளி திறந்து எழுத்துக் கூட்டத் தொடங்கும் மாதங்களில் இத்தனையும் வருகின்றன.

இதில் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1970-களில், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் மணப்பாட்டுத் திருவிழாவுக்கென்று நாலு நாள் வரவில்லை. கடிதமும் இல்லை. ஐந்தாம் நாள் வந்தவனை வகுப்பு வாசலில் நிறுத்தி, “தகப்பனாரைக் கூட்டிக்கொண்டு வா. இல்லாவிட்டால் வராதே” என்றேன். ஒழுங்குக்காகச் சொன்னேன். அவன் போனான். ஒரு வாரம் கழித்து, மனம் கேளாமல் வீடு தேடிச் சென்றேன். அவனுடைய தாயார் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். “அவுக அப்பா போயி ரெண்டு வருசமாச்சே சார்” என்றார். தகப்பன் இல்லாத பையனிடம் தகப்பனைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். பதிவேட்டின் முதல் பக்கத்தில் பாதுகாவலர் பெயர் என்ற இடத்தில் தாயின் பெயரே எழுதப்பட்டிருந்தது. நான்தான் பார்க்கவில்லை. பையன் முந்தின வாரமே தோணியில் சமையல் வேலைக்கு ஏறிவிட்டான். நாலு நாள் வராமை, என் ஒரு வார்த்தையால் வாழ்நாள் வராமை ஆயிற்று. அதற்குப்பின் நான் மூன்றாம் நாளே வீடுகளுக்குப் போகலானேன். அதனால் எல்லாரும் திரும்பி வந்துவிடவில்லை. போன இடங்களில் நாய் துரத்தியதும் உண்டு, கருப்பட்டிக் காப்பி கிடைத்ததும் உண்டு.

இன்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையைத் தொடக்கக் கல்வி முடியுமுன் பள்ளியை விட்டு நீக்க முடியாது. அடிக்கவும் கூடாது. நான் செய்ததைப்போல வாசலில் நிறுத்தி ‘வராதே’ என்று சொல்லவும் எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை. 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் வந்திருக்கிறது. இளம் ஆசிரியர்கள் சிலர், பிரம்பைப் பிடுங்கிக்கொண்டால் விளையாட்டாய் வராமலிருப்பவனை என்ன செய்வது என்று என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். விளையாட்டுக்கு விடுப்பெடுப்பவனும் இருக்கவே செய்கிறான். அவனை மறுநாள் மாலை உட்காரவைத்து விட்ட பாடத்தை எழுதவையுங்கள் என்பேன். அதுவும் அவன் எங்கே போனான் என்று கேட்டபின்.

பெற்றோரிடமும் விழாக் கமிட்டியாரிடமும் ஒரு வேண்டுகோள். விடுப்புக் கடிதத்தில் உண்மைக் காரணத்தை எழுதுங்கள். திருவிழா என்றால் திருவிழா என்றே எழுதுங்கள். பாட்டிமார் நெடுநாள் வாழட்டும். வரவிருக்கும் நவநாள்களில் சிறுவர் பங்கெடுக்கும் பவனியையும் பாடற்குழுப் பயிற்சியையும் மாலை ஐந்து மணிக்குமேல் வைத்துக்கொண்டால், காலைப் பூசை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குப் போய்ச் சேர நேரமிருக்கும். எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்குப் பத்து நிமிட நடைதான்.