இரவல்: சங்கிலி முதல் சீட்டு வரை

ஏட்டை இரவல் கேட்பதும், கொடுக்கத் தயங்குவதும், கொடுத்தபின் அது திரும்புமோ என்று கலங்குவதும் எழுத்து தோன்றிய நாள்தொட்டு இருந்துவரும் இயல்புகள். இந்தத் தயக்கத்திற்கும் அறிவு வேட்கைக்கும் இடையே மாந்தர் செய்துகொண்ட உடன்படிக்கையே இரவல் விதி. பல்கலைக்கழகக் கலைத்துறை நூலகம் ஒன்றின் வாயிலில் ஒட்டப்பெற்ற விதித்தாளைப் பார்த்தால், எத்தனை நூல், எத்தனை நாள், எவ்வளவு தண்டம், எவை வெளியே செல்லலாகா என்பன வரிசையாக இருக்கும். பார்ப்பவர்க்கு அது வறண்டதோர் அலுவல் தாள். ஆயினும் அதன் வேர் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர்ச் சென்று நிற்கிறது.

சங்கிலியும் பிணையும்

பாரிசு நகரில் 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இராபர் த சோர்போன் என்பார் எளிய இறையியல் மாணவர்க்கெனக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அறிஞர் பலர் தம் நூல்களை அதற்கு வழங்கினர். 1290ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற பட்டியல் 1017 நூல்களைக் குறிப்பிடுகிறது. அச்சுக்கலை ஐரோப்பாவை எட்டாத காலம் அது. தோலில் கையால் எழுதிய நூலின் விலை மிகப் பெரிது.

ஆகவே நூல்கள் இரு பிரிவாயின. பலர்க்கும் இன்றியமையாதவை பெருநூலகத்தில் சாய்மேசையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டன. ஏனையவை சிறுநூலகத்தில் வைக்கப்பெற்று இரவல் தரப்பட்டன. 1321ஆம் ஆண்டு விதி, ஒவ்வொரு நூலின் மிகச் சிறந்த படியும் சங்கிலியில் இருக்க வேண்டும் என்றது. வெளியே செல்லும் நூலுக்கு அதன் மதிப்பிற்குக் குறையாத பிணைப்பொருள் கேட்டது.

சங்கிலி என்றவுடன் கருமித்தனம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆனால் ஒருவர் வீட்டிற்குச் சென்ற நூல் மற்றவர்க்கு இல்லாத நூலாகிவிடும். சங்கிலியில் கிடந்த நூலோ அன்றாடம் அனைவர்க்கும் உரியதாயிற்று. சங்கிலியும் ஒருவகைக் கொடையே எனலாம். அகராதியும் கலைக்களஞ்சியமும் இன்று ‘நூலகத்தினுள் மட்டும்’ என்னும் முத்திரையோடு நிற்பது அச்சங்கிலியின் எச்சமே.

மன்னர்க்கும் மறுப்பு

1602இல் ஆக்சுபோர்டில் திறக்கப்பெற்ற போட்லியன் நூலகம் வேறொரு வழியைத் தேர்ந்தது. நூல் எதுவும் வெளியே செல்லலாகாது என்பது அதனை உருவாக்கிய தாமசு போட்லியின் கட்டளை. உள்நாட்டுப் போரின்போது ஆக்சுபோர்டில் தங்கியிருந்த முதலாம் சார்லசு மன்னர் 1645இல் வரலாற்று நூல் ஒன்றை இரவல் கேட்டார். நூலகர் ஜான் ரௌசு விதியைக் காட்டி மறுத்தார், மன்னர் ஏற்றுக்கொண்டார். அம்மன்னரை வீழ்த்தி ஆட்சிக்கு வந்த கிராம்வெல் 1654இல் போர்ச்சுகல் தூதருக்காகக் கையெழுத்துப்படி ஒன்றைக் கேட்டபோதும் அதே மறுப்பே கிடைத்தது. அரியணையில் அமர்ந்தவர் மாறினர், விதி மாறவில்லை. இரவல் விதியின் பெருமை இங்கே விளங்கும். ஆளுக்கொரு நீதி வழங்கும் விதி சலுகையாகிவிடும். எளிய மாணவர்க்குரிய கட்டுப்பாடு மன்னர்க்கும் உரியதானால்தான் அது அறமாகும்.

மெழுகில் பதிந்த குரல்

நூலோடு ஒலியும் கலைத்துறைச் செல்வமாகச் சேர்ந்தபோது புதிய சிக்கல் எழுந்தது. பெர்லின் பல்கலைக்கழகத்தின் உளவியல் கழகத்தில் கார்ல் சுடம்ப் 1900இல், அந்நகருக்கு வந்திருந்த சயாம் நாட்டு நாடகக் குழுவினரின் இசையை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். அதுவே பெர்லின் ஒலிக் காப்பகத்தின் தொடக்கம். நூலைப் படித்தால் எழுத்துக் குறைவதில்லை. மெழுகு உருளையோ ஊசி ஓடுந்தோறும் தேய்ந்தது, கேட்பதே அழிப்பதாயிற்று.

காப்பகத்தார் உருளையின்மீது மின்முறையில் செம்பு படியச் செய்து அச்சு எடுத்தனர். அம்முயற்சியில் மூல மெழுகு அழிந்தது. ஆனால் செம்பச்சிலிருந்து புதிய உருளைகள் பல வார்க்க முடிந்தது. அச்சு காப்பகத்தில் தங்கியது. படிகள் பிற ஆய்விடங்களுக்குச் சென்றன. மூலத்தைக் காத்துப் படியை வழங்குக என்னும் நெறி, ஒலிநாடா, ஒளிப்பேழை, குறுந்தகடு என ஊடகங்கள் மாறிய பின்னரும் நிலைபெற்றுள்ளது. அக்காப்பகத்தின் தொல் உருளைத் தொகுப்பு 1999இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

கும்பகோணமும் சென்னையும்

இரவலின் அருமையைத் தமிழுலகிற்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையர் 1880இல் சேலம் இராமசுவாமி முதலியாரிடம் சீவக சிந்தாமணி ஏட்டைப் பெற்றார். ஒரு படி போதாமையின் ஊரூராகச் சென்று வேறு படிகளைத் தேடினார். மடத்தாரும் புலவர் மரபினரும் தந்த ஏடுகளை ஒப்புநோக்கி 1887இல் அக்காப்பியத்தைப் பதிப்பித்தார். கொடுக்க மனம் வந்தவர் இல்லங்களிலிருந்த ஏடுகள் அச்சேறி நிலைபெற்றன. யாருக்கும் காட்டாது பூட்டிவைத்த ஏடுகள் பல செல்லுக்கு இரையாயின. காத்தலே அழித்தலாகும் இடமும் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இவ்வுண்மையை விதியாக வகுத்தவர் சீர்காழியில் பிறந்த எசு.ஆர். இரங்கநாதன். கணிதம் கற்பித்துவந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அவ்வாண்டே இங்கிலாந்து சென்று, அங்குள்ள நூலகங்கள் பலவற்றை நேரிற் கண்டு 1925இல் திரும்பினார். வாசகர் தாமே அடுக்குகளிடையே சென்று நூலைத் தேர்ந்தெடுக்கும் திறந்த முறையைக் கொணர்ந்தார். 1931இல் வெளியான அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் இருப்பது பயன்பாட்டிற்கே என்பதை வலியுறுத்துகிறது. சங்கிலியை அறுக்கும் விதி அது. வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அடுத்த விதி. ஒருவரிடமே ஒரு நூல் முடங்கலாகாது என்னும் கருத்தும் இதனுள் அடங்கும். தவணை நாளும் தண்டமும் இங்கிருந்தே நியாயம் பெறுகின்றன.

காணாத வாசகர்

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஒன்று புலனாகும். இரவல் விதி நூலகத்தார்க்கும் வாசகர்க்கும் இடையே அமைந்த ஒப்பந்தமாகத் தோன்றினும், அதில் மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் அடுத்து வந்து அதே நூலைக் கேட்கப்போகும் வாசகர். அவர் பெயரும் முகமும் இவருக்குத் தெரியா. ஒருவேளை இன்னும் பிறவாதவராகவும் இருக்கலாம். சோர்போன் சங்கிலியும் ரௌசின் மறுப்பும் பெர்லின் செம்பச்சும் அவர் பொருட்டு எழுந்தவை.

எனினும் வரப்போகிறவரையே நினைந்து வந்திருப்பவரை வெறுங்கையோடு அனுப்பும் விதி, நூலகத்தைக் கல்லறையாக்கிவிடும். வந்திருப்பவரையே நினைந்து வரப்போகிறவரை மறக்கும் விதி, அடுக்கை வெறுமையாக்கிவிடும். நல்ல விதி இருவர்க்கும் நடுவே நிற்பது. அடிக்கோடு இடாமல், இதழ் கிழிக்காமல், குறித்த நாளில் நூலைத் திருப்பித் தருபவர், தாம் என்றும் காணப்போகாத ஒருவர்க்கு அதைக் கையளிக்கிறார். கவிதை எழுதுவோரும் அறியாத அவ்வொருவரை எண்ணியே எழுதுகின்றனர்.